எச்ஐவியும் ஆப்பிரிக்க நாட்டு வைத்தியர்களும்: கூடச் சேர்ப்பதா, தள்ளி வைப்பதா?

வேம்படியான்:
ஆப்பிரிக்கக் கிராமங்களில் எச்ஐவி பற்றிப் பேச்சு வந்தாலே நாட்டு வைத்தியரை வில்லனாக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எச்ஐவி வைரஸை அடக்கப் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. உகாண்டாவில் ஒரு விவசாயக் குடும்பம் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? அந்த வருடங்களில் வாய்ப்புண்ணுக்கும், நிற்காத வயிற்றுப்போக்குக்கும், தோல் அரிப்புக்கும் ஏதாவது கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவர் வைத்தியர்தான். டான்சானியாவின் டாங்கா பகுதியில் 1990 வாக்கிலேயே ஆஸ்பத்திரி டாக்டர்களும் வைத்தியர்களும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். உகாண்டாவில் 1992ல் தேட்டா என்ற அமைப்பு இதற்காகவே உருவானது. மாத்திரை கிடைத்ததும் அவர்களை ஓரங்கட்டுவது என்ன நியாயம்?

தராசு:
நண்பரே, செத்தவர்களின் கணக்கையும் பார்த்துவிட்டு நியாயம் பேசுவோம். தென்னாப்பிரிக்காவில் இம்பெக்கி அதிபராக இருந்தபோது, சுகாதார அமைச்சர் மாண்டோ ஷபலாலா-மிசிமாங் எய்ட்ஸுக்குப் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட், ஆப்பிரிக்க உருளை (ஒரு காட்டுக் கிழங்கு) என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். 2006 டொராண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் அந்த நாட்டின் அரங்கிலேயே பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் காட்சிக்கு வைத்தார்கள். மாத்திரைத் திட்டத்தை இழுத்தடித்ததால் 2000 முதல் 2005 வரை 3,30,000 பேருக்கு மேல் அநியாயமாக இறந்தார்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008ல் கணக்கிட்டார்கள். காம்பியாவில் 2007ல் அதிபர் யாஹ்யா ஜாமே தானே மூலிகையால் எய்ட்ஸைக் குணமாக்குவதாக அறிவித்து, வந்தவர்களின் மாத்திரையை நிறுத்த வைத்தார். 2011ல் டான்சானியாவின் லோலியோண்டோவில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் எய்ட்ஸும் குணமாகும் என்று 500 ஷில்லிங்குக்கு ஒரு குவளைக் கஷாயம் ஊற்றினார். அங்கே போக வண்டிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. "சேர்ந்து வேலை செய்யலாம்" என்ற வாசல் வழியாகத்தான் இவர்கள் எல்லாரும் உள்ளே வருகிறார்கள்.

வேம்படியான்:
நீங்கள் சொன்ன மூன்று பேரில் ஒருவர் அமைச்சர், ஒருவர் சர்வாதிகாரி, ஒருவர் பாதிரியார். பரம்பரையாக வைத்தியம் பார்க்கும் கிராமத்து ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. அதிகாரத்தில் இருந்தவர்கள் செய்த பாவத்தை அவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

டர்பன்காரி:
நான் டர்பனில் மருந்தாளராக இருக்கிறேன். இங்கே வார்விக் சந்திப்பில், பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் மேலேயே மூலிகைச் சந்தை நடக்கிறது. மரப்பட்டையைக் குவித்துப் போட்டு, கிழங்குகளைக் கத்தியால் கொத்திக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். என் கவுண்டரில் மாத்திரை வாங்குபவர்களில் பலர் நேராக அங்கேதான் போவார்கள். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எனவே வைத்தியர் வேண்டுமா வேண்டாமா என்று நாம் தீர்மானிப்பதற்கு எதுவும் இல்லை. அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்.

எனக்குள்ள கவலை வேறு. இம்பிசா என்று ஒரு கஷாயம். உடம்பைச் சுத்தம் செய்வதற்காகக் குடிப்பது. இதோடு வாந்தி எடுக்க வைப்பதும் எனிமா கொடுப்பதும் சேர்ந்தே நடக்கும். மாத்திரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் மருந்து வெளியே போய்விடும். ஏற்கெனவே மெலிந்துபோன உடம்பில் நீர்ச்சத்தும் வற்றிவிடும். ஆப்பிரிக்க உருளை, சதர்லாந்தியா என்ற மூலிகைச் செடி இரண்டும் மருந்துகளைக் கரைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன, அதனால் உடம்பில் மாத்திரையின் அளவு மாறலாம் என்று 2005லேயே ஆய்வகச் சோதனையில் பார்த்தார்கள். சதர்லாந்தியாவை எச்ஐவி உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்த தென்னாப்பிரிக்கச் சோதனையின் முடிவு 2015ல் வந்தது. வைரஸ் அளவும் குறையவில்லை, நோயை எதிர்க்கும் சிடி4 ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் கூடவில்லை. அதைச் சாப்பிட்டவர்கள் தொற்றுநோயோடு கழித்த நாட்கள்தான், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம். வேம்படியான் அண்ணா, இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் பக்கத்திலிருந்து பேசுபவர்கள் இந்த முடிவை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தராசு:
இவ்வளவு தெரிந்தும் ஏன் தடை வேண்டும் என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

டர்பன்காரி:
தடை போட்டால் குடிப்பதை நிறுத்த மாட்டார்கள், என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார்கள். திட்டு வாங்கிய பெண்மணி அடுத்த மாதம் "ஒன்றும் குடிக்கவில்லை" என்பார். வைரஸ் ஏன் ஏறுகிறது என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்வார். "வேறென்ன குடிக்கிறீர்கள் அம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டால் பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைப்பார்கள். அப்புறம்தான் பேசவே முடியும்.

குறிஞ்சிமலர்:
இருவரும் செடியைச் சுற்றியே வருகிறீர்கள். மாத்திரை சாப்பிடுபவரை அதை விடாமல் சாப்பிட வைத்தது யார் என்று கேளுங்கள். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. அக்கம்பக்கத்து நோயாளிகள் ஆறு பேர் வரை ஒரு குழு. மாதம் ஒருவர் முறை வைத்து மருந்தகத்துக்குப் போய் எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வருவார். போனவருக்கு அன்றைக்கு டாக்டர் பரிசோதனையும் ஆகிவிடும். மற்றவர்களுக்கு வண்டிச் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். கிளம்பும் முன் ஒருவர் மாத்திரையை மற்றவர் எண்ணிப் பார்ப்பார். ஒருவர் விட்டுவிட்டால் வீட்டுக்கே போய்க் கேட்க ஐந்து பேர் இருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் லூசிகிசிகியிலும் 2003 முதல் இதுபோலத்தான். டாக்டர்கள் பற்றாக்குறை, நர்ஸ்களே மருந்து ஆரம்பித்தார்கள். 'எச்ஐவி பாசிட்டிவ்' என்று எழுதிய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, சிடி4 என்றால் என்ன, எந்த மாத்திரை என்ன செய்யும் என்று கிராமத்து ஆட்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுத்தவர்கள் நோயாளிகளே. வெட்கமும் பயமும் போனால்தான் மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிட முடியும். மூலிகை பற்றிய சண்டையில் இந்த விஷயம் அடிபட்டுப் போகிறது.

வேம்படியான்:
சகோதரி, இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தக் குழுவில் வைத்தியருக்கு இடம் உண்டா இல்லையா?

குறிஞ்சிமலர்:
உண்டு, ஆதாரத்தோடு உண்டு. உகாண்டாவின் முபராராவில் நடந்த ஒரு ஆய்வு 2021ல் வெளியானது. சில வைத்தியர்களுக்கு வாயில் துடைத்துப் பார்க்கும் எச்ஐவி பரிசோதனையைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற வைத்தியர்கள் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். முதல் வகையினரிடம் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பரிசோதனை செய்துகொண்டார்கள். இன்னொரு பக்கம் நான்கில் ஒருவர்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆட்கள் வைத்தியர் வீட்டுக்கு வருகிறார்கள்.

தராசு:
பரிசோதனைக்குச் சரி, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும் சரி. அதைத் தாண்டி அவர் தரும் கஷாயத்துக்கு அரசு முத்திரை கிடைக்கக் கூடாது. குவாசுலு-நடாலில் உபெஜானே என்ற கஷாயத்தைப் பிளாஸ்டிக் புட்டியில் விற்றவர் ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர். அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அதற்கு ஆதரவாகப் பேசியதால்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

வேம்படியான்:
வெறும் ஆள் பிடித்துக் கொடுப்பவராக மட்டும் வைத்தியரை வைத்துக்கொள்கிறீர்கள். அவருக்குத் தெரிந்ததைச் சோதித்துப் பார்க்கக்கூடப் பணம் ஒதுக்க மாட்டீர்கள். மாத்திரை விலை இறங்கியதும் யாருடைய கருணையாலும் அல்ல. மும்பையின் சிப்லா 2001ல் வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் பெரிய கம்பெனிகள் இறங்கி வந்தன. அதுவரை கதவை அடைத்து வைத்திருந்தவர்கள் இன்று வைத்தியருக்குப் பாடம் எடுப்பது எனக்கு வலிக்கிறது. சதர்லாந்தியா தோற்றது, சரி. பட்டியலில் மிச்சம் எத்தனை செடி இருக்கிறது? நோயை ஒழிக்கும் என்று நான் சொல்லவே இல்லை. அரிப்புக்கு, பசியின்மைக்கு, குமட்டலுக்கு எது உதவும் என்று யாராவது ஒழுங்காகப் பார்க்கட்டும்.

தராசு:
பார்க்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. முடிவு வரும்வரை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

டர்பன்காரி:
இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. தென்னாப்பிரிக்கா மாத்திரையைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வாங்குகிறது, அதனால் மருந்துக்கு உடனே பஞ்சம் வரவில்லை. ஆனால் விட்டுப்போனவர்களைத் தேடி வீடு வீடாகப் போனவர்கள், ஆலோசகர்கள், தகவல் பதிவாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். குறிஞ்சிமலர் சொன்ன அந்தக் கதவைத் தட்டும் ஆள்தான் முதலில் போனார். இப்போது ஊரில் மிச்சம் இருப்பது வைத்தியர், சர்ச், பக்கத்து வீடு. வைத்தியரோடு நம் பேச்சை மூன்று விஷயத்தில் ஆரம்பிக்கலாம்: மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தியும் எனிமாவும் வேண்டாம், இருமலும் எடை குறைவும் பார்த்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வேம்படியான்:
இந்த மூன்றையும் செய்ய எனக்குத் தெரிந்த எந்த வைத்தியரும் மறுக்க மாட்டார். ஆனால் ஆள் அனுப்பினால் அவருக்கு அன்றைய வருமானம் போகிறது. ஆலோசகருக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதியாவது இவருக்குக் கொடுப்பார்களா?

தராசு:
கொடுக்கட்டும், நானே ஆதரிக்கிறேன். "குணமாக்குவேன்" என்று ஒரு தடவை சொன்னால் அன்றோடு சம்பளம் நிற்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும்.

வேம்படியான்:
எழுதி வாங்குங்கள். ஊரில் இதே வார்த்தையைச் சொல்லிக் காசு பறிக்கும் பிரார்த்தனைக் கூடாரங்களிடமும் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.