நாற்சார் வீடு குழு: சித்தப்பாவின் பிறசர்

வத்சலா: நேற்று அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு விதக் குளிசை போட்டும் பிறசர் 190/100. டொக்டர் வயிற்றில் குழாயை வைத்துக் கனநேரம் கேட்டார். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி ஒடுங்கியிருக்கலாமாம். வியாழன் காலை 7 மணிக்கு நாடியைப் படம் பிடிக்கிற சி.டி. அஞ்சியோகிராம். யாராவது ஒருவர் என்னோடு வரவேணும்.

மானிப்பாய் மாமி: முருகா

குமார் (பாரிஸ்): 190ஆ??

சஞ்சு: அக்கா வியாழன் எனக்குச் சோதனை

மானிப்பாய் மாமி: உப்பைக் குறைக்கச் சொல்லி எத்தனை தரம் சொன்னேன். போன ஞாயிறும் ஒடியற்கூழ் இரண்டு கோப்பை குடித்தவர்

சின்னம்மா: கூழை விடுங்கோ மச்சாள். மோர்மிளகாய் போத்தல் போத்தலாக அனுப்புகிறது யார்

ரேணு (ரொறன்ரோ): உப்பு மட்டும் காரணம் என்று நினைக்கவேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் கடைசிவரை வாசியுங்கோ. முக்கால்வாசிப் பேருக்கும் மேல், பிறசருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. சிலருக்குக் காட்டலாம், அதில் ஒன்று இந்த நாடி ஒடுக்கம். சித்தப்பாவின் தோட்டத்தில் வாய்க்கால் அடைபட்டால் கடைசிப் பாத்தி பேசாமல் வாடும். சிறுநீரகம் அப்படிப் பேசாமல் இருக்காது. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதனால் அஞ்சியோடென்சின் உண்டாகி இரத்தக்குழாய்களை இறுக்கும். உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும். பிறசர் ஏறும். 1934இல் கோல்ட்பிளாற் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நாய்களின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் இறுக்கி இதைக் காட்டினார்.

சஞ்சு: நாய் பாவம்

குமார் (பாரிஸ்): ரேணு சுருக்கமா

ரேணு (ரொறன்ரோ): சுருக்குகிற விசயம் இல்லை அண்ணை. டொக்டர் வயிற்றில் கேட்டது ஒடுங்கின நாடிக்குள் இரத்தம் பாய்கிற ஊதல் சத்தத்தைத்தான். வத்சலா, ஸ்கான் துண்டில் சிறுநீரக அளவு இருக்கும், பார்.

வத்சலா: வலது 10.4 செ.மீ., இடது 8.6

ரேணு (ரொறன்ரோ): 1.5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சின்னப் பக்கத்து நாடியைச் சந்தேகிப்பார்கள். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டுகிற கிரியேற்றினின் எவ்வளவு?

வத்சலா: முதல் 1.2. லோசாட்டன் என்ற பிறசர்க் குளிசை தொடங்கி இரண்டு கிழமையில் 1.9. உடனே அதை நிற்பாட்டிவிட்டார்கள்

மானிப்பாய் மாமி: அப்ப பிழையான குளிசையா கொடுத்தது

ரேணு (ரொறன்ரோ): பிழை இல்லை மாமி, பலருக்குச் சிறுநீரகத்தைக் காக்கிற குளிசை அது. ஆனால் நாடி ஒடுங்கினால் அந்த அஞ்சியோடென்சினின் இறுக்கத்தில்தான் சிறுநீரகம் வடிகட்டலைத் தாக்குப்பிடிக்கும். குளிசை அந்த இறுக்கத்தைத் தளர்த்தும்போது வடிகட்டல் விழுந்துவிடும். கிரியேற்றினின் 30 வீதத்துக்கு மேல் ஏறினால் நாடியைப் பார்ப்பது அதனால்தான். இரண்டு பக்கமும் ஒடுங்கியிருக்கோ என்பதுதான் என் பயம்.

மானிப்பாய் மாமி: *பகிரப்பட்டது:* சிறுநீரகக் கல் கரைய வாழைத்தண்டுச் சாறு, வெறும் வயிற்றில்...

வத்சலா: மாமி இது கல் இல்லை

மானிப்பாய் மாமி: வாழைத்தண்டு ஒன்றும் செய்யாது பிள்ளை

ரேணு (ரொறன்ரோ): செய்யும் மாமி. அதில் பொட்டாசியம் கூட. சிறுநீரகம் களைத்திருக்கிற நேரத்தில் இதயத்துக்குக் கூடாது.

குமார் (பாரிஸ்): சுருட்டு?

சின்னம்மா: விட்டுவிட்டார்

சஞ்சு: பின்வளவில் பூவரசுக்குக் கீழே

சின்னம்மா: சஞ்சு!

ரேணு (ரொறன்ரோ): இந்த வயதில் நாடி ஒடுங்கப் பெரிய காரணங்களில் சுருட்டும் ஒன்று சின்னம்மா, சீனி வருத்தமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இதய நாடியில் படிகிற அதே கொழுப்பு இங்கேயும் படியும்.

மானிப்பாய் மாமி: எங்கட சுதாவுக்கு 32 வயதில் பிறசர். அவள் சுருட்டா குடித்தாள்

ரேணு (ரொறன்ரோ): இளம் பெண்களுக்கு வருவது வேறு விதம். கொழுப்பு இல்லை, நாடிச்சுவரே பிசகி வளர்ந்து ஒடுங்கும். அதற்குப் பலூனால் விரித்தாலே பலருக்குப் பிறசர் இறங்கும். சுதாவை ஒருக்கால் டொக்டரிடம் கேட்கச் சொல்லுங்கோ.

குமார் (பாரிஸ்): சித்தப்பாவை சென்னைக்குக் கொண்டுபோய் நாடியை விரித்து வைக்கிற ஸ்ரென்ற் குழாய் வைப்பம். காசை நான் பார்க்கிறேன்

வத்சலா: காசு இல்லை அண்ணை பிரச்சினை. கூட வர ஆள் வேணும்

குமார் (பாரிஸ்): ஆச்சிக்கும் நான்தானே அனுப்பினது

மானிப்பாய் மாமி: ஆச்சியைக் குளிக்க வார்த்தது யார்

குமார் (பாரிஸ்): *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சின்னம்மா: அதெல்லாம் இப்ப ஏன் தம்பி

ரேணு (ரொறன்ரோ): ஸ்ரென்றுக்கு அவசரப்படவேண்டாம் அண்ணை. 900க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த கோரல் ஆய்வு 2014இல் வந்தது. மருந்தோடு ஸ்ரென்ற் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பழுது எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் சிலருக்கு வைப்பதைப் பற்றி யோசிக்கத்தான் வேணும். இரவில் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறவர்கள் அதில் முக்கியம்.

வத்சலா: மூச்சா

வத்சலா: அம்மா, கோயில் பூங்காவனத் திருவிழா இரவு?

சின்னம்மா: அது சளி பிள்ளை

வத்சலா: சளி இல்லை அம்மா. நடுச்சாமம் எழும்பித் திண்ணை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இருந்தவர். சட்டை தோய்ந்து வியர்வை. படுக்கச் சொன்னால் தலையாட்டினார், வாய் திறந்து கதைக்க முடியவில்லை. விடியச் சரியாகிவிட்டது

ரேணு (ரொறன்ரோ): டொக்டருக்குச் சொன்னீங்களா?

வத்சலா: அப்பா சொல்ல விடவில்லை

ரேணு (ரொறன்ரோ): வியாழன் மட்டும் வைத்திருக்காதே. இப்பவே போன் எடுத்துச் சொல்லு. திரும்ப அப்படி வந்தால் படுக்க வைக்காமல் இருத்தி வைத்துக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அடி. சீனி வருத்தக் குளிசை மெற்போமின் போடுகிறாரா என்றும் சொல்லு, சி.டி.க்கு மருந்து ஏற்றுவதால் அதை நிறுத்தவேண்டி வரலாம். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்குகிற டைக்குளோபினாக்கை எடுத்து எறி. மற்றக் குளிசைகளை ஒருவரும் தாங்களாக நிற்பாட்டவேண்டாம்.

சித்தப்பா: எல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்

சஞ்சு: சித்தப்பா!!

சித்தப்பா: வியாழன் ஏலாது. மேற்கு வேலி அடைக்க ஆள் வருகுது

மானிப்பாய் மாமி: மேற்கு வேலியா? கிணற்றுப் பாதை விட்டு அடை தம்பி. அப்பு காலத்திலேயே சொன்னது

சின்னம்மா: காணி உறுதியில் அப்படி இல்லை மச்சாள்

குமார் (பாரிஸ்): உறுதியின் படம் என்னிடம் இருக்கு, போடவா

வத்சலா: வேலியை விடுங்கோ!! வியாழன் யார் வருகிறது?

மானிப்பாய் மாமி: நான் வாறன். வான் அனுப்பு

சஞ்சு: சோதனை 10 மணிக்குத்தான். நான் இறக்கிவிட்டுப் போகலாம்

வத்சலா: போன் எடுத்தேன். மூச்சு முட்டினதைச் சொன்னதும் டொக்டரிடம் கேட்டுவிட்டு, இன்றைக்கே கூட்டிவரச் சொன்னார்கள்

ரேணு (ரொறன்ரோ): நல்லது. குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோ. கொப்பி, ஸ்கான், இரத்தத் துண்டு

மானிப்பாய் மாமி: அப்ப வியாழன்?

வத்சலா: தெரியாது மாமி. ஆஸ்பத்திரியில் மறித்தால் இரவு நிற்க ஆள் வேணும்

சின்னம்மா: நான் நிற்கிறேன்

மானிப்பாய் மாமி: உன்ர முழங்காலோடயா. நான் நிற்கிறேன்

சித்தப்பா: வேலிக்காரனுக்கு யார் சொல்லுறது