வேர்டில் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் உள்ளன: எப்படி மாற்றுவது?

கேட்டவர்:
எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கிறேன். நன்கொடை தந்தவர்களில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களை ஆங்கிலத்தில் போடவேண்டும். தட்டெழுதித் தந்த பிள்ளை கப்ஸ் லொக்கை எடுக்காமலே 214 பெயர்களையும் அடித்துவிட்டார். முதலெழுத்து மட்டும் பெரிதாக வரவேண்டும். முப்பது பெயர்களைத் திரும்ப அடித்துப் பார்த்தேன், கண் வலிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

கணினி ஆசிரியர்:
ஐயா, ஒன்றையும் திரும்ப அடிக்கவேண்டாம். பட்டியலைத் தெரிவு செய்யுங்கள். மேலே, எழுத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில், பெரிய ஏயும் சிறிய ஏயும் சேர்ந்த பொத்தான் இருக்கும். அதில் முதலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குங்கள்; பிறகு ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கும் வரியை அழுத்துங்கள். ஷிப்டும் எஃப்3உம் சேர்த்து அழுத்தினாலும் மாறும். மடிகணினியில் எஃப்என் விசையும் தேவைப்படலாம். எம்பிபிஎஸ் போன்ற பட்டங்களில் முதலெழுத்து மட்டுமே பெரிதாக நிற்கும், அவற்றைக் கையால் திருத்துங்கள்.

கேட்டவர்:
பெயர்கள் சரியாகிவிட்டன. ஆனால் சிறிய எழுத்தாக்கும்போது நான் கோப்பு முழுவதையும் தெரிவு செய்துவிட்டேன்; முதலெழுத்தைப் பெரிதாக்கும்போதுதான் பட்டியலை மட்டும் தெரிவு செய்தேன். தமிழ்ப் பக்கங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. 'ஆண்டு' இப்போது 'அண்ட' என்று நிற்கிறது, 'முகம்' 'மகம்' ஆகிவிட்டது, 'குரு' 'கர' ஆகிவிட்டது. சேமித்து மூடியும்விட்டேன். நிலையத்தைத் தொடக்கியவர் கடைசியாக எழுதிய கவிதை அதில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. கையெழுத்துத் தாளும் இல்லை.

அச்சகத்தில் பக்கம் அமைப்பவர்:
அண்ணா, பாமினியில் தமிழ் கண்ணுக்கு மட்டும்தான். கோப்புக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. எல்லாம் சிறிதானதும், எந்தக் 'க' முன்பு 'கு'வாக இருந்தது என்று கணினிக்குத் தெரியாது. திரும்பப் பெரிய எழுத்தாக்கினால் எல்லாக் 'க'வும் 'கு'வாகிவிடும். மூடாமல் இருந்திருந்தால் கொன்ட்ரோலும் இசட்டும் போதும். இப்போது பழைய பிரதிதான் வழி. மெய்ப்புப் பார்க்க யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பினீர்களா? பென் டிரைவில் இருக்கிறதா? அதையெல்லாம் தேடி முடிக்கும்வரை கவிதையை நினைவிலிருந்து திருத்தத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. வேர்ட் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கும். பாமினியில் முற்றுப்புள்ளிக்குப் பிறகு வரும் 'அவர்' அப்படித்தான் 'ஆவர்' ஆகிறது. தன்னியக்கத் திருத்தத்தில் அதை நிறுத்திவிடுங்கள். முடிந்தால் தமிழ்ப் பக்கங்களை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இல்லாததால் இந்தப் பொத்தான் அங்கே ஒன்றும் செய்யாது.

கேட்டவர்:
மருமகளுக்கு மெய்ப்புப் பார்க்க அனுப்பிய பிரதி அவருடைய மின்னஞ்சலில் இருந்தது, தம்பி. கவிதை பதினெட்டு வரியும் முழுதாக இருக்கிறது. முதல் வேலையாக அதைத் தாளில் அச்செடுத்துவிட்டேன். பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வெட்டி எடுத்துவிட்டேன். இரவு யுனிகோடு மாற்றத்தைத் தொடங்குகிறேன்.