மூன்றரை லட்சத்தில் வீடு: காசாகக் கொடுப்பதா, கட்டிக் கொடுப்பதா?

ஓலைக்கூரை:
2024-25 தமிழக பட்ஜெட்டில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ அறிவித்தார்கள். 2030க்குள் 8 லட்சம் வீடு, குடிசையே இல்லாத தமிழ்நாடு. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி, அதில் 300 அடிக்குக் கான்கிரீட் கூரை. திட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, பணம் கொடுக்கிற விதத்தில்தான். எங்கள் ஊரில் லிண்டலோடு, அதாவது கதவு நிலைக்கு மேல்மட்டத்தோடு, நிற்கிற வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டுக் குடும்பம் நடத்துகிறார்கள். கூலிக்குப் போகிறவரை மேஸ்திரி, கம்பி, எம்சாண்ட் மணல் என்று அலையவிடுவதைவிட அரசே கட்டிச் சாவியைக் கையில் கொடுத்தால் என்ன? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

செங்கல்சூளை:
அரசே கட்டுவது என்றால் யார் கட்டுவது? டெண்டர் எடுத்தவர்தான். 2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் என்ன ஆனது? கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது, ஐஐடியைக் கூப்பிட்டு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. தன் வீட்டைத் தானே கட்டுகிறவர் கலவையைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அப்புறம், அடுப்படி எந்தப் பக்கம், திண்ணை வேண்டுமா, ஆட்டை எங்கே கட்டுவது, இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர்.

ஓலைக்கூரை:
அது அடுக்குமாடி. நான் சொல்வது அவரவர் மனையில் தனி வீடு. பக்கத்தில் நின்று பார்ப்பார் என்கிறீர்கள், சரி. நிற்கிற நாளுக்குக் கூலி யார் தருவது?

சாந்துச்சட்டி:
கட்டட வேலைதான் என் பிழைப்பு, கணக்கை நான் சொல்கிறேன். மூன்றரை லட்சமும் ரொக்கமாகக் கைக்கு வராது. நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைக்கான 12,000 ரூபாயும் அதற்குள்ளேயே அடக்கம். எங்கள் பக்கம் இப்போது சதுர அடிக்கு 1,800க்குக் கீழே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 360ஆல் பெருக்கினால் 6,48,000. வீட்டு ஆட்களே சித்தாள் வேலை பார்த்து, பூச்சைத் தள்ளிப்போட்டால் ஐந்து லட்சத்துக்குள் இழுத்துப் பிடிக்கலாம். மீதிக்கு நகை, குழுக்கடன், கடைசியில் வட்டிக்காரர்.

வேலை நிற்பது லிண்டலில்தான். ஆனால் கடன் ஆரம்பிப்பது கடைக்காலில், அஸ்திவாரத்திலேயே. அஸ்திவாரப் பள்ளம் தோண்டி, கல் இறக்கி, பேஸ்மென்ட் எழும்பும் வரை வீட்டுக்காரர் காசு. அதற்கப்புறம்தான் ஓவர்சீயர் வந்து போட்டோ எடுப்பார், பில் ஏறும். பில் ஏறியதும் பணம் வந்துவிடும் என்றும் இல்லை. கையில் ஒன்றுமே இல்லாதவர் அனுமதி ஆர்டர் வந்தும் வேலையை ஆரம்பிக்க மாட்டார். கொஞ்சம் வசதி உள்ளவர் முதலில் முடித்துவிட்டுப் பால் காய்ச்சுவார்.

செங்கல்சூளை:
இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். 360 அடிக்குக் காசு வாங்கிக்கொண்டு 600 அடிக்குக் கடைக்கால் போடுகிறவர்கள் எத்தனை பேர்? நடுவில் நின்றால் அரசைத் திட்டுவது.

சாந்துச்சட்டி:
உண்மைதான், நானே அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரு தடவை கட்டுகிற வீடு, நாளைக்கு மருமகள் வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

வடக்குவாசல்:
எல்லாம் மத்திய அரசு காசு. பிரதமர் வீட்டுத் திட்டம் 2016லிருந்து நடக்கிறது. இவர்கள் பெயரை மாற்றி ஒட்டிக்கொள்கிறார்கள்.

செங்கல்சூளை:
இரண்டும் வேறு வேறு திட்டம். பிரதமர் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம். அதில் ஒன்றிய அரசின் பங்கு 72,000, மாநிலத்தின் பங்கு 48,000. அந்தக் காசில் கான்கிரீட் கூரை முடியாது என்றுதான் தமிழ்நாடு தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. கட்சிச் சண்டை வேண்டுமானால் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன்.

குளக்கட்டு (கிளிநொச்சி, இலங்கை):
எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது வடக்கு கிழக்கில் சனமே தங்கள் வீட்டைக் கட்டியது. இலங்கைக் காசில் ஐந்தரை லட்சம், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் விழும். சாமான் விலை ஏற, நகையை அடகு வைத்து முடித்தவர்கள் நிறையப் பேர். கணவரை இழந்த பெண்கள் மேசனிடம் முற்பணம் கொடுத்துவிட்டு அவரைத் தேடித் திரிந்ததும் உண்டு.

ஆனால் 2016 அளவில் அரசாங்கம் 65,000 பொருத்து வீடு என்று கொண்டு வந்தது. இரும்பு வீடு, பன்னாட்டு நிறுவனம் ஒன்று கொண்டுவந்து பொருத்திப் பூட்டித் தரும், ஒன்று ஏறத்தாழ 21 லட்சம். அதே காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று இங்கே பலத்த எதிர்ப்பு வந்தது. வீடில்லாமல் இருந்த இடத்திலேயே, சாவியைத் தருகிறோம் என்றவர்களை வேண்டாம் என்றோம். ஓலைக்கூரை அண்ணை இதை யோசிக்க வேணும்.

ஓலைக்கூரை:
நீங்கள் எதிர்த்தது இரும்பையும் விலையையும். மேசனிடம் ஏமாந்த பெண்களைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அவர்களுக்காகத்தான் நான் பேசுகிறேன்.

நத்தம்_புறம்போக்கு:
காசா, சாவியா என்று நீங்கள் பேசுகிறீர்கள். ஏரிக்கரையில் குடிசை போட்டவரிடம் பட்டா இல்லை, அதனால் இரண்டுமே இல்லை. பட்டியலில் பெயரே ஏறாது. குடிசையில்லாத தமிழ்நாடு என்கிற கணக்கில் அந்தக் குடிசை எங்கே போகும்?

மாடிவீட்டு_இஎம்ஐ:
வரிப்பணத்தில் வீடு கொடுத்துக்கொண்டே இருந்தால் உழைக்கிறவனுக்கு என்ன மிச்சம்? நான் வீட்டுக் கடனை மாதாமாதம் நானேதான் கட்டுகிறேன்.

செங்கல்சூளை:
வருமான வரியில் வீட்டுக்கடன் வட்டியைக் கழித்திருந்தால் அதுவும் வரிப்பணத்தில் வந்த உதவிதான். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பம் 25 லட்சம் வரை கடன் வாங்கினால் 1.80 லட்சம் வரை வட்டி மானியம். பிரதமர் திட்டத்தில் குடிசைக்காரருக்குக் கொடுக்கிற 1.20 லட்சத்தைவிட அது அதிகம். அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சாந்துச்சட்டி சொன்ன கடைக்கால் கடன்தான் முடிச்சு. பிரதமர் திட்டத்தின் வழிகாட்டு நெறியில் அனுமதி ஆணை வந்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணை என்றுதான் எழுதியிருக்கிறது. வேலையை முடித்துக் காட்டிய பிறகு என்று இல்லை. எல்லாத் திட்டத்திலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீரும். பாதியில் நிற்கிற வீட்டுக்குக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே லைஃப் மிஷன் என்கிற அரசு வீட்டுத் திட்டம் தன் முதல் கட்டத்தில் கையில் எடுத்ததே பழைய திட்டங்களில் அரைகுறையாக நின்ற வீடுகளைத்தான். புது வீடு அதற்கப்புறம். நாம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதிதாக ஒரு லட்சம் வீடு அறிவிக்கிறோம். நிற்கிற சுவர்கள் எத்தனை என்று முதலில் எண்ணலாம்.

ஓலைக்கூரை:
முன்பணம் கொடுத்தால் அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். கஷ்டப்படுகிற வீட்டில் காசு காத்துக்கொண்டு இருக்காது. அவர்களை நான் குறை சொல்லவில்லை.

சாந்துச்சட்டி:
அப்படியானால் முதல் தவணையைப் பொருளாகக் கொடுங்கள். சிமென்ட்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துத் தொகையில் பிடித்துக்கொள்கிற வழக்கம் இருக்கத்தானே செய்கிறது. கடைக்காலுக்கு வேண்டியது கல்லும் எம்சாண்டும். ஆளுக்கு ஒரு லோடு என்று வாங்குவதால்தான் விலை கூடுகிறது. ஒரு ஊரில் பத்து ஆர்டர் வந்தால் பத்துக்கும் சேர்த்து இறக்கினால் குறையும். கொத்துக்கூலியை மட்டும் காசாகக் கொடுங்கள்.

செங்கல்சூளை:
இதற்கு நான் சம்மதம். எந்தக் கல் கிரஷரில் வாங்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் சொல்லாமல் இருந்தால்.

ஓலைக்கூரை:
கல்லும் மணலும் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தனியாக இருக்கிற அறுபது வயது அம்மா அதை வைத்து என்ன செய்வார்? ஓடியாட முடியாதவர்களுக்காவது அரசு கட்டித்தான் ஆக வேண்டும்.

செங்கல்சூளை:
பிரதமர் திட்டத்தில் அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். முதியவர், மாற்றுத்திறனாளி வீடுகளைக் கொத்தனார் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக் கட்டலாம். பயிற்சிக்கு வருகிறவர்கள் அங்கே வேலை கற்றுக்கொள்வார்கள், வீடும் எழும்பும்.

ஓலைக்கூரை:
விதியில் இருக்கட்டும். உங்கள் ஒன்றியத்தில் அப்படிக் கட்டிய ஒரு வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன்.