யோசனையை வானியல் அலகாக மாற்றுவது எப்படி?

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். பண்டைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் கூறும் யோசனை என்னும் நீள அளவை, இன்றைய வானியல் அலகுடன் (புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரத்துடன்) ஒப்பிட்டுக் காட்டுமாறு எமது தோட்டப் பாடசாலை மாணவர்கள் கேட்கிறார்கள். ஒரு யோசனையை எத்தனை கிலோமீற்றர் என்று கொள்வது?

பதில் (பண்டாரவளை):
சேர், யோசனை நூலுக்கு நூல் மாறுபடுவதால், அந்தந்த நூல் தரும் புவியின் விட்டத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். சூரிய சித்தாந்தத்தில் அது 1,600 யோசனை. இன்றைய 12,742 கிலோமீற்றரை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 7.96 கிலோமீற்றர் வரும். பண்டைய இந்திய வானியலாளர் ஆரியபடர் அதை 1,050 என்பதால் அவருடைய யோசனை 12.1 கிலோமீற்றர். வானியல் அலகு 2012 முதல் 149,597,870,700 மீற்றர் என வரையறுக்கப்பட்டுள்ளது. முதற்கணக்கின்படி அது சுமார் 1 கோடியே 88 இலட்சம் யோசனையாகும்.

பதில் (நுவரெலியா):
சந்திரனையும் கணக்கிடச் சொல்லுங்கள் சேர். அதே நூலின் 324,000 யோசனைச் சுற்றுப்பாதைக்கு ஆரம் கண்டு மாற்றினால் ஏறத்தாழ 410,000 கிலோமீற்றர். உண்மைச் சராசரி 384,400. இவ்வளவு நெருங்கியிருப்பது பெரும் வியப்பு. சூரியனுக்கோ இது பொருந்தாது. 4,331,500 யோசனைப் பாதையின் ஆரம், மெய்யான தூரத்தில் 27இல் ஒரு பங்குதான்.