வைஃபை ஒண்ணு, பல்பும் பிளக்கும் எக்கச்சக்கம்: உங்க வீட்டில் எப்படி?

கீழக்கரையிலிருந்து:
வாப்பா காலத்து வீடு. நடுவில் முற்றம், கடல் கல் வச்சுக் கட்டின தடிச் சுவர். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) லீவில் வரும்போதெல்லாம் ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரான்னு கொண்டாந்து மாட்டிட்டுப் போவாக. ஒரு கட்டத்துக்கு மேல புதுசா ஒண்ணைச் சேர்த்தா பழசு ஒண்ணு ஆஃப்லைன். நெட் கொடுத்தவங்க "பிளானை மாத்துங்க"ன்னாங்க. 300 எம்பிபிஎஸ் போட்டும் அதே கதைதான். பல்பு இழுக்கும் டேட்டா ஒண்ணுமே இல்லை. இலவசமா வரும் ரவுட்டர் ஒரே நேரத்தில் எத்தனை டிவைஸைத் தாங்கும் என்பதுதான் சிக்கல். பல பெட்டிகளில் அது 32-ஐத் தாண்டாது. கேமராக்களை லேன் வயருக்கு மாத்தி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனி ஆக்சஸ் பாயிண்ட் (ரவுட்டரோட வயரில் இணைஞ்சு வைஃபை தரும் பெட்டி) வச்சபிறகு நிம்மதி. பிளானைப் பழையபடி குறைச்சாச்சு.

மண்டபத்திலிருந்து:
எங்களுக்கு வேற கூத்து. ராமேஸ்வரம் போறவங்களுக்கு ரூம் விடுறோம். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தா தண்ணி மோட்டாரின் ஸ்மார்ட் சுவிட்ச் மொபைல் ஆப்பில் செத்துக் கிடக்கும். காரணம் ஐபி முகவரி, அதாவது ரவுட்டர் ஒவ்வொரு டிவைஸுக்கும் கொடுக்கும் நம்பர். தங்க வந்தவங்க போன் ஒவ்வொண்ணும் ஒரு முகவரியை வாங்கிக்கும். அவங்க தீர்த்தமாடி ஊர் போய்ச் சேர்ந்தாலும் ரவுட்டர் 24 மணி நேரத்துக்கு அதை விடாம வச்சிருக்கும். மோட்டாருக்கு மிச்சம் இருக்காது. முகவரியைப் பிடிச்சு வைக்கும் அந்த லீஸ் நேரத்தை 2 மணி நேரமாக்கி, மோட்டாருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கினேன். இந்தத் தை அமாவாசைக்குத் தொட்டி நிறைஞ்சே இருந்தது.

ராமநாதபுரம், எலக்ட்ரீசியன்:
கரண்ட் போய் வரும்போது கவனிச்சிருக்கீங்களா? பல்பு நொடியில் எழுந்து வைஃபையைத் தேடும். ரவுட்டர் எழுந்திருக்க ரெண்டு நிமிஷம் ஆகும். மலிவு பல்புகளில் சிலது தேடிப் பார்த்துட்டு அப்படியே நின்னுடும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்க, பாதித் தொல்லை போயிடும். இந்த ஐட்டமெல்லாம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில்தான் ஓடும். ரெண்டு வைஃபை பெட்டி இருந்தா, ஒண்ணோட ஒண்ணு மோதாம ஒண்ணை சேனல் 1, இன்னொண்ணை 6-ல் வைங்க. புதுசா வாங்குறவங்க ஜிக்பீ பார்க்கலாம்; அது வைஃபை இல்லாம, ஹப்னு ஒரு நடுப்பெட்டி வழியா பல்புகளை இணைக்கும் தனி வயர்லெஸ் முறை. எத்தனை பல்பு போட்டாலும் ரவுட்டர் கணக்கில் ஹப் ஒண்ணுதான். அப்புறம், வெளிக் கேமராவின் லேன் முனையை நல்லா மூடுங்க. நம்ம உப்புக்காத்துக்குப் பச்சைக் களிம்பு ஏறிடும்.

கீழக்கரையிலிருந்து:
ஜிக்பீ இந்தச் சுவரைத் தாண்டுமா?

ராமநாதபுரம், எலக்ட்ரீசியன்:
பல்புக்குப் பல்பு கைமாத்தி விடும், தாண்டும். ஆனா வீட்டில் பெரியவங்க யாராவது சுவிட்சை அணைச்சா அந்த இடத்தில் சங்கிலி அறுந்துடும். அதனால பல்பை விட, சுவிட்ச் பெட்டிக்குள்ள வைக்கும் சின்ன ஜிக்பீ மாட்யூல் நல்லது. வாங்கும் முன்னாடி சுவிட்ச் பெட்டியைத் திறந்து, பெரும்பாலான மாட்யூலுக்கு வேண்டிய நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பும் வயர்) வந்திருக்கான்னு பாருங்க. பழைய வீடுகள் சிலதில் இருக்காது.