7 வயது மகளின் 2 கிலோமீட்டர் ஓட்டம்: உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம். என் 7 வயது மகள் அடுத்த மாதம் 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்கிறாள். அவளே ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தாள். ஆனால் விசில் ஊதியதும் அம்பாகப் பாய்கிறாள். 300 மீட்டரிலேயே மூச்சு வாங்கி, விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். நேற்று உதட்டைக் கடித்து அழுகையை அடக்கியபடி, "அப்பா, நான் தோற்றுவிட்டேனா?" என்று கேட்டாள். மனம் கலங்கிவிட்டது.

பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் கேட்கிறாள், மற்ற பிள்ளைகளைக் கண்டால் மறந்துவிடுகிறாள். வயிறு நிறைய உண்டதும் ஓட விடுவதில்லை.

இடையிடையே நடக்கச் சொல்லலாமா? பெற்றோர் கூட ஓட அனுமதி உண்டு. நான் ஓடுவதா, எல்லைக்கோட்டில் காத்திருப்பதா? பாதியில் அழுதால் என்ன சொல்வது? சிறு பிள்ளைகளுடன் ஓடிப் பழகியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.