வலி மாத்திரையை ஊசியாக ஏற்றும் பிள்ளைகளின் குடும்பங்கள்: மாணவர்களுக்கு என்ன பயிற்சி தருவது?

கயல்: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களுக்கு ஆறு வகுப்புகள் எடுக்க வேண்டும். டேபெண்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் இளைஞர்களின் வீட்டாரோடு பேசப் பயிற்சி. கையில் மதுப்பழக்கப் பாடம் இருக்கிறது. அதில் எதை மாற்றலாம்?

செங்கோ: முதல் வகுப்பை மருந்துக்கே கொடுங்கள். நிறுத்திய 8–12 மணி நேரத்தில் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும்; 2–3ஆம் நாள் உச்சம்; ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தணியும். "ரூமுக்குள்ள வெச்சுப் பார்த்தோம், சரியாயிட்டான்" என்று வீட்டார் நிம்மதியாவது அப்போதுதான். ஆபத்தும் அப்போதுதான். உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும். இதை ஒரு அம்மாவுக்கு இரண்டு நிமிடத்தில் புரியவைக்கத் தெரியாத மாணவரைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது பூப்ரெனார்ஃபின், இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மாத்திரை. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று அப்பா கேட்பார். போதை ஏக்கத்தை அடக்கும், ஓவர்டோஸ் சாவைக் குறைக்கும் என்று நேராகச் சொல்லப் பழக்குங்கள். மாத்திரை நாக்குக்கு அடியில் கரைய வேண்டும், விழுங்கினால் பெரும்பகுதி வீண். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே முதல் டோஸ் கொடுத்தால் திடீரென்று கடும் அவதி வரும். "இந்த மாத்திரை ஒத்துக்கல" என்று குடும்பம் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

நிலா: பேச்சுப் பயிற்சிக்கு மூவர் குழு வையுங்கள்: ஆலோசகர், அம்மா, கவனிப்பவர். 10 நிமிடம். கவனிப்பவர் இரண்டை மட்டும் எண்ணட்டும்: எத்தனை கேள்வி, எத்தனை அறிவுரை. புதியவர்களிடம் அறிவுரைதான் முந்தும். ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் (CRAFT) முறையையே அடித்தளமாக வைக்கலாம்; சிகிச்சையை மறுப்பவரை அதற்குக் கொண்டுவர வீட்டாருக்குப் பயிற்சி தரும் முறை அது. மதுப்பழக்கத்தில் நடந்த 1999 ஆய்வில், சிகிச்சையை மறுத்தவர்களில் 64 சதவீதத்தினர் அதன்மூலம் அதற்கு வந்தார்கள். கூட்டமாகச் சூழ்ந்து வற்புறுத்தும் முறையில் 30 சதவீதம்தான். வீட்டில் அடிதடி உண்டா என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.

கயல்: நன்றி. வீட்டிலேயே சிறுநீர் சோதனை செய்யலாமா என்று பெற்றோர் கேட்டால்?

செங்கோ: மார்ஃபினைக் கண்டறியும் சாதாரண சோதனைப் பட்டை டேபெண்டடாலைக் காட்டாது. 'நெகட்டிவ்' வந்தால் பொய் நிம்மதி, அதோடு வீட்டில் போலீஸ் வேலை வேறு. அந்த நேரத்தை ஓவர்டோஸ் ஒத்திகைக்குச் செலவிடுங்கள்: உதடு நீலம், ஊசிமுனைபோல் கண்பாவை, குறட்டைபோல் மூச்சு. உடனே 108. மூச்சு இல்லையென்றால் 5 விநாடிக்கு ஒருமுறை வாயில் ஊத வேண்டும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, வண்டி வரும்வரை கூடவே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர், மோர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. பொம்மையை வைத்து ஒவ்வொரு மாணவரும் கையால் செய்து பார்க்கட்டும்.